அறுநூற்றுப் பதினொன்றில் தங்கியவர்

மூன்றாம் நாள் காலையில் மெக்கானிக் ஹோட்டல் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, வரவேற்பு மேசையில் இருந்த பெண் அவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“நேத்து நீங்க சொன்ன கதைய நெனச்சு நெனச்சு வீட்ல போயும் சிரிச்சேன் சார். எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு எங்கம்மா பயந்தே போயிட்டாங்க.”

மெக்கானிக் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்தார். அவர் எந்தக் கதையும் சொல்லவில்லை. அவளிடம் என்ன, யாரிடமும் சொன்னதில்லை. முப்பது வருஷமாக லிஃப்ட் பொருத்தும் வேலை. கம்பெனியில் அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். ஆள் மாறிப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

புது ஆஸ்பத்திரிக் கட்டிடம் ஒன்றில் நான்கு லிஃப்ட்டுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடத்தான் அவர் இந்த ஊருக்கு வந்தது. வந்து இறங்கிய அன்றே மழை பிடித்துக்கொண்டது. லிஃப்ட் குழிகளில் இடுப்பளவு தண்ணீர். வடிகிறவரை வேலை இல்லை என்று சொல்லி ஹோட்டலில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆறாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் கீழே குடைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகும் சத்தமும், விடாமல் அலறும் ஹாரன்களும், டீசல் புகையோடு கலந்த ஈரச் சாக்கு வாடையும், எதிர்க் கட்டிடத்துப் பெயர்ப் பலகையிலிருந்து மினுக்கி மினுக்கி அடிக்கும் சிவப்பு வெளிச்சமும் மேலே ஏறி வந்து, கூப்பிடாத விருந்தாளிகள் மாதிரி கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டன. லட்சம் பேர் நடக்கும் தெருவில் அவரைத் தெரிந்தவர் என்று ஒருவர்கூட இல்லை. அது அவருக்குப் புதிதும் இல்லை.

அறைக்குள் இருக்கப் பிடிக்காமல், எதிரே மேம்பாலத்துக்கு அடியில் இருந்த டீக்கடைக்குப் போனார். அதுதான் முதல் தடவை. கடைக்காரர் கேட்காமலே டீயை ஆற்றிக் கையில் கொடுத்தார்.

“வாங்கண்ணே. மனசு இப்பக் கொஞ்சம் லேசாச்சா?”

“என்னது?”

“நேத்து அந்த அழுகை அழுதீங்களே. அண்ணி கடைசியா உங்களத்தான் கேட்டாங்க, நீங்க ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துட்டு, உள்ள போகத் தைரியமில்லாம சிகரெட் புடிச்சுட்டே நின்னுட்டீங்கன்னு… விடுங்கண்ணே. யாருக்குத்தான் பயமில்ல?”

அது உண்மை. ஏழு வருஷமாக அவர் நெஞ்சுக்குள்ளேயே கிடந்த உண்மை. மகளுக்குத் தெரியாது, ஒருத்தருக்கும் தெரியாது. டீயை அப்படியே வைத்துவிட்டு மழையில் நடந்தார்.

அறைக்கு வந்து மகளைக் கூப்பிட்டார். வாரம் ஒரு தடவை பேசுவார். சாப்பிட்டியா, குழந்தை எப்படி இருக்கு, வச்சிடவா, அவ்வளவுதான்.

“என்னப்பா, மறுபடியுமா? இப்பதானே ஒரு மணி நேரம் பேசினோம்!”

மகளின் குரல் அழுது கம்மியிருந்தது. ஆனாலும் அதில் ஒரு துள்ளல்.

“அம்மா விஷயத்த நீங்களே வாயத் தொறந்து சொல்லுவீங்கன்னு நான் கனவுலகூட நெனக்கலப்பா. இத்தன வருஷம் உங்க மேல வச்சிருந்த கோபமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. இப்படி ஒரு அப்பா எனக்கு இருக்கார்னே தெரியாம போச்சே!”

அது நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் சிரித்தாள். மனைவி போன பிறகு அந்தச் சிரிப்பை அவர் கேட்டதே இல்லை.

“ஆமாம்மா,” என்றார். “நான்தான்.”

வெளியே மழை சட்டென்று நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு மறுபடி கொட்ட ஆரம்பித்தது.

அவர் ஜன்னலுக்குப் போனார். மேம்பாலத்துக்கு அடியில் ஏழெட்டுப் பேர் வட்டமாக நின்று குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருவர் கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை. பின்மண்டை வழுக்கை. கொஞ்சம் தூக்கலான இடது தோள்.

அந்த ஆள் பேச்சை நிறுத்தினார். வட்டத்தை விட்டுத் தெருவுக்கு வந்தார். குடை இல்லை. ஆறாம் மாடியை நிமிர்ந்து பார்த்தார். மெக்கானிக்கின் முகமேதான். பேரம் படிந்தவரைப்போல ஒருமுறை தலையசைத்தார்.

மெக்கானிக் படிகளில் ஓடி இறங்கினார். தெரு முழுக்கக் குடைகள். அந்த முகம் எங்கும் இல்லை. மூச்சிரைக்க ஹோட்டலுக்குத் திரும்பினார்.

“சொல்லுங்க சார், ரூம் வேணுமா?” வரவேற்புப் பெண் புது ஆளைக் கேட்பதுபோல் கேட்டாள்.

“நான்… அறுநூத்துப் பதினொண்ணு.”

“அந்த சார் இப்பதான் பெட்டியத் தூக்கிட்டு ஏர்போர்ட்டுக்குக் கெளம்பினார். எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போனார். தங்கமான மனுஷர்.”

“அது நான்தாம்மா!”

“என்ன சார்? சத்தமே வரலியே.”

தெருமுனையில் நின்ற போலீஸ்காரர் ஒருவர் அவர் சொன்னதைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்தவரைப் பார்த்தார். டீக்கடைக்காரர் அவரைத் தாண்டிக் கையை நீட்டி இன்னொருவருக்கு கிளாஸைக் கொடுத்தார். அதன் பிறகு யாரும் திரும்பவில்லை. மோதினார்கள். மழை பட்டதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் மத்தியானம் பாலத்துத் தூணில் சாய்ந்து நின்று, சார்ஜ் தீரப்போகும் போனில் மகளுக்கு வீடியோ கால் போட்டார். மகளின் முகம் தெரிந்தது. பின்னால் கூடம். நல்ல வெயில்.

“ஹலோ? யாரு?” கண்ணைச் சுருக்கினாள். “அப்பா! தொலைஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே, அந்த போன்லேர்ந்து யாரோ கூப்பிடறாங்க. ஆளே தெரியல. வெறும் மழதான் தெரியுது.”

கத்தினார். பெயர் சொல்லிக் கத்தினார். போனிலிருந்து அவருக்கே திரும்பி வந்தது மழைச் சத்தம்.

அவள் தோளுக்குப் பின்னால் அந்த ஆள் வந்து நின்றார். நீலக் கட்டச் சட்டை. இடுப்பில் பேத்தி. திரைக்குள் குனிந்து பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை. இரக்கம்.

“வச்சிடும்மா,” என்றார். “பாவம், யாரோ.”

மகள் விரலை நீட்டினாள். வெயில் விழும் அந்தக் கூடத்தில் அவர் தாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குழந்தை அழவில்லை. அண்ணாந்து வாயைத் திறந்து, ஒவ்வொரு சொட்டாகக் குடித்துக்கொண்டிருந்தது.