பொரிப்பகத்தின் பழைய பதிப்பு

மோகனூர் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எனக்குப் பாதி உயிர் போயிருந்தது. கம்ப்யூட்டர் படித்தவள் ஏசி அறையில் சொகுசாக உட்கார்ந்திருப்பாள் என்று ஊரில் நினைக்கிறார்கள். நாமக்கல்லில் படித்தவளுக்குக் கோழிதான் கதி.

குஞ்சுப் பொரிப்பகத்துக்குள் குளித்து உடை மாற்றாமல் யாரையும் விடுவதில்லை. வெளிக்கிருமி வந்துவிடுமாம். அங்கே இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் செல்லாயி அக்கா பச்சைக் கோட்டு ஒன்றை நீட்டினார்.

“யோகேஷ் தம்பியோடதுங்க. உங்க அளவுக்கு வேற இல்லீங்க சாமி. தொவச்சுத்தான் வெச்சிருக்கறேன்.”

மின்விசிறிகளையும் சூட்டையும் கவனிக்கும் புரோகிராமை எழுதியவர் யோகேஷ். போன மாதம் லாரி மோதி இறந்துபோனார். செத்தவர் துணியை எங்கள் வீட்டில் தொடக்கூட விடமாட்டார்கள். எனக்கு வாதாடத் தெம்பில்லை. போட்டுக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் பொரிப்பு அறைக்குள்ளேயே இருந்தது. ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் ஒற்றை மஞ்சள் விளக்கு, கிருமி கொல்லும் ஃபார்மலின் நெடி, ஈரச் சூடு. பெட்டிகளுக்குள் குஞ்சுகள் முட்டையோட்டைக் கொத்தும் சத்தம், தகரத்தில் தூறல் விழுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது.

சூடு ஏறினால் போனுக்கு எச்சரிக்கை வரவேண்டும். அது வராமல் முந்தின ஈட்டுக் குஞ்சுகள் முழுவதும் ஓட்டுக்குள்ளேயே வெந்து செத்திருந்தன.

“நாந்தானுங்க அள்ளிக் கொட்டுனேன். இன்னொருக்கா என்னால முடியாதுங்க” என்றார் அக்கா.

வேலை சின்னதுதான். பைத்தான் மொழிப் புரோகிராமுக்கு வேண்டியதையெல்லாம் இணையத்திலிருந்து கொண்டுவந்து சேர்க்கும் கருவிக்குப் பிப் என்று பெயர். இங்கே இருந்தது ஒன்பதாம் பதிப்பு, அரதப்பழசு. அதைப் புதுப்பித்தால்தான் எச்சரிக்கையைச் சரிசெய்ய முடியும். புதுப்பித்தேன். இருபத்தொன்று ஏறியது. எதற்கும் சரிபார்த்தேன்.

ஒன்பது.

தூக்கக் கலக்கம் என்று மறுபடி ஏற்றினேன்.

மறுபடியும் ஒன்பது.

“அக்கா, வேற யாராச்சும் இதைத் தொடுறாங்களா?”

“அந்தத் தம்பிக்கப்புறம் ஆரும் தொடறதில்லீங்க.” அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

வெளியிலிருந்து எவனோ விளையாடுகிறான் என்று எரிச்சல் வந்தது. மூன்றாம் முறை ஏற்றிய கையோடு இணைய வயரைப் பிடுங்கினேன். இனிப் பழையது எங்கிருந்து வரும்? யோகேஷின் புரோகிராமை நிறுத்தி மீண்டும் தொடங்கினேன்.

மின்விசிறிகள் நின்றன.

அப்போதுதான் புரிந்தது. அவர் எழுதியது பழைய பிப்பின் உள்பாகங்களை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. புதியதில் அவை இல்லை. பழையதையே இறக்கலாம் என்று, வயரைத் திரும்பச் செருக மேசைக்குப் பின்னால் குனிந்தேன். மங்கல் வெளிச்சத்தில் துளை பிடிபடவே இல்லை.

கொத்தும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

“செத்துருமுங்க சாமி” என்று அக்கா கிசுகிசுத்தார்.

நிமிர்ந்தேன். வயர் இன்னும் என் கையில்தான் இருந்தது. கீபோர்டின் அருகில் யாரும் இல்லை.

திரையில் எழுத்துகள் விழுந்தன.

ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். ஓர் எழுத்து தப்பாக விழுந்து, அழிந்து, திருத்தப்பட்டது.

ஒன்பது ஏறியது. மின்விசிறிகள் சுழன்றன.

நான் நாற்காலியில் விழுந்து அழுதேன். பயத்திலா களைப்பிலா என்று இன்றுவரை தெரியவில்லை. பிப்பை அதற்கப்புறம் நான் தொடவில்லை. அந்த நாற்காலியிலேயே இருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அக்கா தட்டுகளை வெளியே இழுத்து வரிசையாக வைத்தார். அத்தனையும் உயிரோடு இருந்தன. அறை முழுக்க மஞ்சள் குஞ்சுகள், காதைக் கிழிக்கும் கீச்சொலி.

திடீரென்று எல்லாம் அடங்கின.

ஆயிரக்கணக்கான தலைகள் ஒரே நேரத்தில் கதவுப் பக்கம் திரும்பின. பிறகு, தட்டுகளுக்கு நடுவே யாரோ நடந்து வருவதைப் பார்ப்பதுபோல், மெதுவாக, வரிசை வரிசையாக நகர்ந்தன.

செல்லாயி அக்கா ஒதுங்கி வழி விட்டார்.

குஞ்சுகளின் பார்வை கம்ப்யூட்டர் நாற்காலிக்கு வந்து நின்றது.

அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.