வாய்க்கருத்து

காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே சம்யுக்தா நேற்றைய கருத்துகளைப் பார்த்துவிடுவாள். அவளுடைய கருத்துகள்தான். ஆனால் அவள் வாய் திறந்து சொன்னவை அல்ல. பேக்கரித் தேங்காய் பன், எழுபத்தொன்று. பேருந்தில் ஓடிய விளம்பரப் பாட்டு, பத்தொன்பது. மருமகள் மிதிலா வைத்த ரசம், முப்பத்தெட்டு. அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். நேற்று அந்த ரசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்து, "அருமையா இருக்குது மிதிலா" என்று வாயாரப் புகழ்ந்திருந்தாள்.

அந்த எண் இந்நேரம் மிதிலாவுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். சமையலறையில் பாத்திரங்கள் வைக்கப்படும் சத்தத்திலேயே அது தெரிந்தது.

எல்லாம் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் பதிந்திருக்கும் செவிமணியின் வேலை. துடிப்பு, மூச்சு, தோலின் சிலிர்ப்பு, வயிற்றின் முறுக்கல் என்று எல்லாவற்றையும் அள்ளி, ஒரு பொருள் உடம்புக்குப் பிடித்ததா இல்லையா என்று நூற்றுக்கு ஓர் எண் போட்டு அனுப்பிவிடும். இதற்கு உடல்வாக்கு என்று பெயர். முதல் தடவை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டாம் தடவையில் பழக்கம் கலந்துவிடுகிறது, விசுவாசம் கலந்துவிடுகிறது, பழகியதெல்லாம் பிடித்துப்போகிறது, அது கருத்தாகாது என்றது சட்டம். ஒவ்வொரு நாள் ரசமும் சட்டத்தின் கண்ணில் புது ரசம்.

ஒரு காலத்தில் மனிதர்கள் கருத்தை எழுதினார்கள். பிறகு காசு வாங்கிக்கொண்டு எழுதினார்கள். அப்புறம் இயந்திரங்கள் கோடிக்கணக்கில் எழுதித் தள்ளின. எதை நம்புவது என்று தெரியாமல் உலகமே திண்டாடிய பிறகுதான் கேட்போர் கருத்துச் சட்டம் வந்தது. வாயால் சொல்வது வாய்க்கருத்து, அது செல்லாது. செல்லாத ஒன்றை எத்தனை நாள்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? "எப்படி இருந்துச்சு?" என்று ஒருவரை ஒருவர் கேட்கிற வழக்கமே மெல்ல மெல்ல ஒழிந்துபோனது.

சம்யுக்தாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. ஆறு நாட்களாக அவளுக்கு உட்கார்ந்தால் நிற்க வேண்டும்போல் இருந்தது, நின்றால் உட்கார வேண்டும்போல் இருந்தது. காரணம் எட்டுப் பாட்டுகள். கருமணல் குழு பதினொரு வருடங்களுக்குப் பிறகு வெளியிட்ட 'துரு' என்ற புதிய தொகுப்பு. அதை அவள் இன்னும் கேட்கவில்லை.

கருமணல் கோயம்புத்தூர்க் குழு. கணபதிப் பகுதியில் மூடிக்கிடந்த ஒரு வார்ப்படப் பட்டறையில், வார்ப்பு மண் குவியலுக்கு நடுவே, நாற்பது வருடங்களுக்கு முன் கத்த ஆரம்பித்தவர்கள். கோகுல் கிதாரும் குரலும், ரோஷன் டிரம்ஸ். மற்ற இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முப்பது வருடம் தாண்டிய குழுக்களுக்குச் சட்டத்தில் தனி விதி உண்டு. இரண்டாயிரம் மணி நேரத்துக்கு மேல் அவர்களைக் கேட்டவர்கள் வேர்க்கேட்போர். புதுத் தொகுப்பு வந்த ஏழு நாளில் வேர்க்கேட்போரின் சராசரி ஐம்பதுக்குக் கீழே விழுந்தால், குழுவின் பெயரும் பழைய குரல்களும், அதே குரலில் புதுப் பாட்டு தயாரிக்கும் தொடர்ச்சிப் பொறி என்ற இயந்திரத்துக்குப் போய்விடும். பெயர் வாசிப்பவர்களுக்குச் சொந்தமில்லை, கேட்பவர்களுக்குச் சொந்தம் என்பது அதன் நியாயம். இருபத்தைந்து வயதுக் கோகுலை வைத்துக்கொண்டு பொறி எத்தனை தொகுப்பு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளும்.

கருமணலுக்கு உயிரோடு இருந்த வேர்க்கேட்போர் பதினொரு பேர். பத்துப் பேர் கேட்டு முடித்துவிட்டார்கள், மீதி ஒருத்தி சம்யுக்தா. சராசரி சரியாக ஐம்பத்தொன்று. இன்று ஏழாம் நாள், மாலை ஆறு மணிக்குக் கெடு.

பத்து மணிக்குச் சிபி வந்தார். ரசிகர் கூட்டத்தில் மூத்தவர், அறுபத்து மூன்று வயது, வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"அம்மிணி, கேட்டுத் தொலச்சுட்டியா?"

"இன்னும் இல்லீங்கண்ணா."

"அப்பாடா! கேக்காத. ஆறு மணி வரைக்கும் காதுல பஞ்சு வெச்சுக்க. நீ கேக்கலீன்னா பத்துப் பேர் எண்ணுதான் நிக்கும். ஐம்பத்தொண்ணு, தப்பிச்சுட்டோம். நீ கேட்டா நாப்பதாவது வரோணும். ஒண்ணு கொறஞ்சாலும் போச்சு."

"நீங்க எவ்வளவுண்ணா?"

சிபி கூரையைப் பார்த்தார். அவர் கதை ஊருக்கே தெரியும். உடம்பைச் சூடேற்றிக்கொண்டு கேட்டால் எண் ஏறும் என்று நம்பி, மருதமலைப் படியை மூச்சிரைக்க ஏறி, உச்சியில் மூன்று காபியை அடுத்தடுத்து ஊற்றிக்கொண்டு 'துரு'வைக் கேட்டிருந்தார். செவிமணிக்கு இந்தத் தில்லுமுல்லு தெரியாதா? படியைக் கழித்தது, காபியைக் கழித்தது, முழங்கால் வலியை மட்டும் கழிக்காமல் விட்டு முப்பத்தொன்று போட்டது.

"எனக்குப் பிடிச்சுது சம்யு. சத்தியமாப் பிடிச்சுது. முப்பத்தொண்ணுங்குது அந்தச் சனியன்." சிபி காதுக்குப் பின்னால் விரலால் அழுத்தினார். "பிடிச்சுதானு இப்ப எனக்கே சந்தேகமா இருக்குது."

அவர் போன பிறகு சம்யுக்தா துணி மடித்தாள், மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். பெயர் போய்விடுமே என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது, அதை அவள் சிபியிடம் சொல்லவில்லை. இந்த உடம்புக்குக் கருமணல் பிடிக்காமல் போயிருந்தால்? நாற்பது வருடம் இவள் யாராக இருந்தாள்?

மூன்று மணிக்குக் கோகுல் அழைத்தான்.

"கேட்டியா?"

"இல்லடா."

"சிபி வந்து சொன்னாரா?"

சம்யுக்தா மடித்த துணியை மறுபடி பிரித்தாள்.

"கணக்கு எனக்கும் தெரியும் சம்யு. நீ கேக்கலீன்னா பேரு நிக்கும். ஆனா நாலு வருசமா ஒவ்வொரு பாட்டு முடிஞ்சப்பவும், இதுக்குச் சம்யு என்ன சொல்லுவானு யோசிச்சுட்டே இருந்தேன். நீ காதப் பொத்திட்டுக் காப்பாத்திக் குடுக்கற பேர வெச்சுட்டு நான் என்ன பண்றது?"

"உடம்பு என்ன போடும்னு தெரியலடா. பயமா இருக்குது."

"எனக்கு மட்டும் தைரியமாவா இருக்குது? நீ கேளு."

அவனுக்கு இந்த உரிமை எப்படி வந்தது என்றால், கருமணலின் முதல் தொகுப்பைக் கேட்டுவிட்டு, கல்லூரி கேண்டீனில் எல்லார் முன்னாலும் "கிரைண்டர்ல கல்லப் போட்டு ஆட்டுன மாதிரி இருக்குது" என்று அவனிடம் சொன்னவள் அவள்தான். அவன் சண்டைக்கு வந்தான். எந்தப் பாட்டு, எந்த இடம், ஏன் என்று விடாமல் கேட்டான். பதில் சொல்வதற்காகவே மறுபடி கேட்டாள். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, விடுதி மொட்டைமாடியில், அந்தக் கல்லுக்குள் ஒரு தாளம் இருப்பது காதில் விழுந்தது. அப்போது செவிமணி இருந்திருந்தால் கருமணல் முதல் வாரத்திலேயே மண்ணாகியிருக்கும்.

நான்கு மணிக்கு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து 'துரு'வைக் கேட்டாள். வேகம் குறைந்திருந்தது. ரோஷனின் அடி சில இடங்களில் ஒரு மயிரிழை பிந்தி விழுந்தது. கோகுலின் குரல் உச்சிக்குப் போகும்போது பழைய வாளி கிணற்றுச் சுவரில் உரசுவதுபோல் உரசியது. மூன்றாவது பாட்டில் அவளுக்குக் கால் மாற்றி உட்காரத் தோன்றியது. உடம்பே, கொஞ்சம் ஒத்துழை என்று கெஞ்சினாள். எட்டாவது பாட்டு முடிந்து சத்தம் அடங்கியதும் எண் வந்தது.

முப்பத்தாறு.

கோகுலை அழைக்க அவளுக்குக் கை வரவில்லை. சராசரி நாற்பத்தொன்பது புள்ளி ஆறு என்று அறிவிப்பு வந்தது. ஆறு மணிக்குப் பெயர் கைமாறியது.

ஆறு மணி இரண்டு நிமிடத்துக்குத் தொடர்ச்சிப் பொறி தன் முதல் பாட்டை வேர்க்கேட்போருக்கு அன்பளிப்பாக அனுப்பியது. கேட்கலாமா என்ற கேள்வியெல்லாம் இல்லை, காதிலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. இருபத்தைந்து வயதுக் கோகுல், பிசிறில்லாத உச்சி, நெஞ்சில் இறங்கும் டிரம்ஸ். அவள் கை மயிரெல்லாம் எழுந்து நின்றது. காலும் தாளம் போட்டது. எண்பத்தெட்டு.

திருடும்போது பிடிபட்டவளைப்போல் அவளுக்கு உடம்பு கூசியது. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. யாரிடம் ஆத்திரப்படுவது? தன் தோலிடமா? என்ன செய்வதென்று தெரியாமல், 'துரு'வை மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

செவிமணி இந்தத் தடவை எண் போடவில்லை. 'கருத்து ஏற்கெனவே பதிவாகிவிட்டது' என்று ஒரு வரி காட்டிவிட்டு ஓய்ந்துவிட்டது. நாற்பது எடுக்க வேண்டும் என்ற பதற்றம் இப்போது இல்லை. உடம்பைக் கெஞ்சவும் வேண்டியதில்லை. சும்மா கேட்டாள். நான்காவது பாட்டு வந்தபோது எழுந்து நின்றாள். அதை மட்டும் இன்னொரு தடவை போட்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பட்டறை பத்து நிமிட நடை. உள்ளே ரோஷன் தரையில் உட்கார்ந்து, டிரம்ஸின் முன் தோலில் இருந்த 'கருமணல்' என்ற எழுத்தைத் பெயிண்ட் தின்னரில் நனைத்த துணியால் அழித்துக்கொண்டிருந்தார். இனி அந்தப் பெயரை வைத்திருந்தால் வழக்கு வரும். மூலையில் சிபி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், இவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோகுல் கிதார்க் கம்பிகளைத் தளர்த்திக்கொண்டிருந்தான்.

"முப்பத்தாறு," என்றான். கோபமில்லை, களைப்புதான்.

"அது உடம்பு போட்டது. நான் இன்னும் சொல்லல."

"என்ன சொல்றே?"

"ரெண்டாவது தடவ கேட்டேன்."

கோகுலின் கை நின்றது. கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே, ரொம்ப மெதுவாக, இந்தச் சொற்களை மறந்துபோனவன்போலக் கேட்டான். "எப்படி இருந்துச்சு?"

பதினைந்து வருடமாகச் சம்யுக்தாவிடம் யாரும் கேட்காத கேள்வி. ரசம் அருமை என்று பொய் சொல்ல வாய்க்குத் தெரியும், இதற்கு வார்த்தை தேட வேண்டியிருந்தது.

"நாலாவது பாட்டுல, 'வாசப்படி'னு எடுக்கறதுக்கு முன்னால மூச்சு வாங்கறியே. மொதல்ல கேக்கறப்ப, பாவம், முடியல இவனுக்குனு நெனச்சேன். ரெண்டாந்தடவ, அந்த மூச்சுக்காகக் காத்துட்டு இருந்தேன். அது இல்லீன்னா அந்தப் பாட்டே இல்ல. ரோஷனும் அங்க வேணும்னேதான் பிந்தி அடிக்கறார்."

"அந்த எடத்துல வேணும்னேதான்," என்றார் ரோஷன். "மத்த எடத்துல முழங்கை வலி."

கோகுல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மறைக்கவில்லை. "எண்ணுதான் வருது சம்யு, வருசக்கணக்கா எண்ணுதான். ஒருத்தரும் ஒரு எடத்தச் சொன்னதில்ல." மூக்கை உறிஞ்சினான். "மூணாவது பாட்டு?"

"மூணாவது குப்பை."

"குப்பையா?"

சுவரைப் பார்த்திருந்த சிபி அப்படியே திரும்பினார். "யாரு சொன்னது குப்பைனு? எட்டுலயும் நெம்ப நல்ல பாட்டு அதுதான் அம்மிணி! நடுவுல கிதார் தனியா அழுவுமே, அதுக்கு நான் மருதமல உச்சியில உக்காந்து அழுதேன். முழங்காலுக்கு அழுவறேன்னு நெனச்சுடுச்சு அந்தச் சனியன்."

"அந்தக் கிதார் ரெண்டு மடங்கு நீளம்ணா. அதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கலாம்."

"உனக்குக் காது இருக்குதா? கோகுலு, போட்டுக் காட்டு இவளுக்கு. இப்பவே வாசி."

"எதுக்குண்ணா? பேரும் போச்சு, எண்ணும் முடிஞ்சுது."

"எண்ணுக்கா கேக்கறேன்? இவ தப்பாச் சொல்றா, அது எப்படித் தப்புனு காட்டோணும்."

கோகுல் சம்யுக்தாவைப் பார்த்தான். அவள் கவிழ்த்துப் போட்ட ஒரு வாளியின் மேல், நிரூபி பார்க்கலாம் என்ற முகத்தோடு உட்கார்ந்தாள். வாரம் முழுக்க ஓர் இடத்தில் நிலைக்காத கால்கள் இப்போது மண்ணில் ஊன்றி நின்றன. கோகுல் தளர்த்திய கம்பிகளை ஒவ்வொன்றாக மறுபடி முறுக்கினான்.

ரோஷன் துணியைக் கீழே போட்டுவிட்டுக் குச்சிகளை எடுத்தார். அவர் முன்னால் பெயர் பாதிதான் அழிந்திருந்தது. மூன்று எண்ணி அடித்தார், கொஞ்சம் பிந்தி.