பற்றுவில்லை

ஆய்வு நீட்டிப்புப் படிவத்தில் கையெழுத்திட்டதும் டாக்டர் வாசுகிக்குக் காதோரம் இதமாகச் சூடேறியது. குணமான நோயாளி ஒருவர் கைகூப்பி விடைபெற்றுப் போனதுபோல ஒரு நிறைவு. அறையில் அப்படி யாரும் இல்லை.

அவள் காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், துவரம்பருப்பு அளவில் இருந்தது பற்றுவில்லை. மருந்தாய்வுகளுக்குத் தலைமையேற்ற மருத்துவர்கள் பாதியிலேயே விலகிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. காரணம் எளிது. சிகிச்சையில் ஒரே வாரத்தில் கிடைக்கும் மகிழ்ச்சி ஆய்வில் கிடைக்கப் பத்து வருடமாகும். அதுவரை வெறும் படிவங்கள்தான். வில்லை அந்த மகிழ்ச்சியை முன்கூட்டியே, படிவத்துக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தது. அதன்பின் ஒருவரும் விலகவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு பிச்சைமணி வந்தார். மதுரையில் டீ மாஸ்டராக இருந்தவர். கைநடுக்கத்துக்கான இந்த ஆய்வில் மூன்று வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார்.

“டாக்டரம்மா, என்கூடச் சேந்த டெய்லர் ஆரோக்கியம் இப்ப ஊசில நூல் கோக்குறாப்ல. எனக்கு டம்ளரே நிக்க மாட்டேங்குது. எனக்குக் குடுக்குறது மருந்தில்லாத வெறும் மாவு மாத்திரைதானே?”

அவள் அவருடைய கோப்பைப் புரட்டினாள்.

“ஆய்வு முடிஞ்சா எல்லாத்துக்கும் நெச மருந்துன்னீக. எப்பம்மா முடியும்?”

“இன்னும் ஆறு மாசம்ணே.”

“போன தடவையும் அதேதான் சொன்னீக.” சிரித்தார். “பரவால்லம்மா. வேற டாக்டருன்னா எங்கள விட்டுட்டு எப்பவோ ஓடியிருப்பாக.”

வாசுகிக்கு முகம் எரிந்தது. மருந்து வேலை செய்வது சென்ற ஆண்டே உறுதியாகிவிட்டது. முடிவுப் படிவத்தில் அவளுடைய ஒரு கையெழுத்துப் போதும். ஆனால் அந்த ஒரு படிவத்துக்கு மட்டும் வில்லை எதுவும் தராது. அதற்குப் பிறகு படிவங்களும் இருக்காது. மூன்று முறை நீட்டித்துவிட்டாள்.

அவர் போனதும் முடிவுப் படிவத்தைத் திரையில் திறந்தாள். கை நகரவில்லை. வில்லையின் பராமரிப்பு மையத்துக்கு எழுதினாள்: “பக்கவிளைவு: வெட்கம். தாங்க முடியவில்லை.”

உடனே பதில் வந்தது.

“நன்றி, டாக்டர். பலரும் தெரிவித்திருக்கிறார்கள். வெட்கம் மருத்துவர்களை விலகத் தூண்டுவதால், புதிய பதிப்பில் அதை நீக்கியிருக்கிறோம். நாளைக் காலை தானாகவே உங்களுக்கு வந்துசேரும்.”

அப்படியானால் வெட்கம் இன்று ஒரு நாள்தான். வாசுகி முடிவுப் படிவத்தைப் பார்த்தாள். பிறகு பதிலின் அடியில் இருந்த சிறு படிவத்தைப் பார்த்தாள்: எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா?

நிரப்பினாள்.

காதோரம் இதமாகச் சூடேறியது.