அழைப்பு மணி இல்லாத அறை

வாருங்கள்! நாகரிகத்தின் பெயரால் எழுப்பப்பட்ட இந்தப் புதிய சிறையின் தனியறை வாசலில் வந்து நின்று பாருங்கள். பட்டப்பகலில் பாருங்கள், இது இருட்டில் நடந்த அநீதியன்று, வரைபடம் போட்டுச் செய்த அநீதி.

வரைந்தவள் ஒரு பொறியாளர். கட்டியவர் அவளுடைய தாய்மாமன். கைதிகளைக் கொண்டுவருமுன் ஒரு சோதனை பாக்கியிருந்தது: ஒருவர் உள்ளே நின்று கதவை ஓங்கித் தட்டவேண்டும், வெளியே நிற்பவருக்கு அது கேட்கக்கூடாது. கேட்காவிட்டால் அறை தேறிவிட்டது என்று பொருள்.

"வரைஞ்ச மகராசிதான் முதல் குடித்தனம். போ பாப்பா, வாடகை வேணாம்," என்று மாமன் சிரித்தார்.

"மறந்துட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க மாமா."

அத்தனை கனத்த இரும்புக் கதவு ஒரு முனகல்கூட இல்லாமல் மூடிக்கொண்டது. ஈரச் சிமெண்ட்டும் புதுப் பெயின்ட்டும் கலந்த வாடை மூக்கை அடைக்க, அணைக்கவே முடியாத விளக்கு எந்த மூலையிலும் நிழலென்று ஒன்றை மிச்சம் வைக்காமல் ஒளியைக் கொட்ட, தன் மூச்சே வேறொருவர் மூச்சாகிக் காதோரம் உரச, உள்பக்கம் கைப்பிடியில்லாத அந்தக் கதவை அவள் தட்டினாள். பக்கத்துச் சுவரில் கண் நிலைத்தது. முதல் வரைபடத்தில் அங்கே, கைதி காவலரைக் கூப்பிட, ஓர் அழைப்பு மணிப் பொத்தான் இருந்தது. "சும்மா சும்மா அழுத்தித் தொல்லை கொடுப்பானுங்க," என்று மேலதிகாரி சொன்னார், அழித்தவள் அவளேதான்.

மறுபடி தட்டினாள்.

பதில் வந்தது. கதவிலிருந்து அல்ல. சுவருக்குள்ளிருந்து. மணி இருந்திருக்கவேண்டிய இடத்திலிருந்து.

ஒரே வார்ப்பாக ஊற்றிய கான்கிரீட் அது. எறும்புக்கும் இடமில்லை.

டொக். டொக்.

காதை வைத்தாள். சுவர் சுட்டது. உடம்புச் சூடு.

கதவு திறந்தது. "ஒரு பொட்டுச் சத்தம் வரலை! அதிகாரிகிட்ட சரின்னு சொல்லிடு. நாளைக்கே ஆளை அடைச்சிடுவாங்க."

"சொல்லமாட்டேன்."

"விளையாடாதே பாப்பா. வேலை போயிடும்."

"போகட்டும். துளை போடுற மிஷினை எடுங்க மாமா. இங்க மணி வைக்காம இந்தக் கதவைப் பூட்ட விடமாட்டேன்."

குரல் நடுங்கவில்லை.

மாமன் முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தார். அவளே துளைத்தாள். தூள் உதிர்ந்தது. பிறகு ஈரம். பிறகு ஒரு பெருமூச்சு.

மாமன் பின்வாங்கினார். அவள் நகரவில்லை.

துளைக்குள்ளிருந்து ஒரு விரல் வந்தது. நகம் தேய்ந்தே போன விரல். சுவரைத் தடவியது. தேடியது. இல்லாத பொத்தானை, வெறும் சுவரை, அழுத்தியது. அழுத்தியது.

அது இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. அவள் கதவை மறித்து நிற்கிறாள். ஒருத்தியாக எத்தனை நேரம் நிற்பாள்? எழுந்து வாருங்கள். உங்கள் ஊர்ச் சிறை அறைக்குள் மணி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், அதை வைக்கும்வரை அந்தக் கதவைப் பூட்ட விடாதீர்கள்!