மேனேஜருக்குப் பிடிக்காத மண்

அந்த வீட்டில் ஒருத்திக்குப் பிரசவ நேரம் நெருங்கிவிட்டது. ஆனால் அவளுக்கு அதைப் பற்றிக் கொஞ்சமும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடித் தொட்டிக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தாள். பெயர் பூசணி. மஞ்சள் நிறக் கப்பி மீன்; முட்டையிடாமல் குட்டி போடுகிற வகை.

கவலை முழுவதும் காத்தாடிக்குத்தான்.

காத்தாடி ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண். ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் அப்பா வைத்த பெயர் அது. நாளடைவில் தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. இந்த வாரம் அவள் வழக்கத்தைவிட அதிகமாகச் சுற்றினாள். தொட்டிக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். அங்கிருந்து அப்பாவின் தையல் மெஷினுக்கு வந்தாள். மறுபடியும் தொட்டிக்கே போனாள்.

"கொஞ்சம் உட்காரேன்மா. உன்னைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது. தையல் கோணலாப் போகுது" என்றார் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்த அப்பா.

"எப்படிப்பா உட்கார்றது? பூசணி வயிறு பெட்டி மாதிரி ஆயிடுச்சு. சீக்கிரமே குட்டி போட்டுடும்."

"போடட்டுமே. நல்ல விஷயம்தானே?"

"போன தடவை மாதிரி ஆயிடும்பா."

அப்பா மெஷினை நிறுத்திவிட்டார். போன தடவை குட்டிகள் வெளியே வந்ததுமே மற்ற மீன்கள் பாய்ந்து விழுங்கிவிட்டன. காத்தாடி கையை ஆட்டினாள், கண்ணாடியைத் தட்டினாள், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசிக் குட்டியைத் தின்றது பூசணியேதான். அன்று காத்தாடி சாப்பிடவே இல்லை.

மீனுக்கு அது தப்பென்று தெரியாது. வாயில் அடங்குவதெல்லாம் அதற்குத் தீனி. குட்டிகள் பிழைக்க வேண்டுமானால் ஒளிந்துகொள்ள அடர்த்தியான செடி வேண்டும். காத்தாடியும் நட்டுத்தான் பார்த்தாள். தொட்டியின் அடியில் இருந்ததோ வழவழ கூழாங்கல். வேர் பிடிக்காமல் செடிகள் மேலே மிதந்து வந்து அழுகின.

பள்ளிக்கூடம் விட்டதும் மீன் தொட்டிக் கடைக்கு ஓடினாள்.

"அண்ணா, செடி நிக்கவே மாட்டேங்குது."

"கூழாங்கல்லுல எப்படி நிக்கும்? செடிக்குன்னு தனி மண் இருக்கு" என்று கடைக்கார அண்ணன் ஒரு பையை எடுத்து வைத்தார். காத்தாடி விலையைப் பார்த்தாள். பையைச் சத்தமில்லாமல் அவர் பக்கமே தள்ளிவிட்டாள்.

அண்ணன் சிரித்தார். "விலை ஜாஸ்திதான். சில பேர் அதுக்குப் பதிலா பூனை மண் போடறாங்க."

"பூனை மண்ணா?"

"வீட்டுப் பூனை வெளிக்குப் போறதுக்குத் தட்டுல கொட்டி வைப்பாங்களே, அதுதான். பூனை தொடாத புது மண்ணா இருக்கணும். ஆனா எல்லா மண்ணும் சரிப்படாது. வாசனை இருக்கக்கூடாது. தண்ணி பட்டா கட்டியாகக்கூடாது. வெறும் சுட்ட களிமண்ணா..."

காத்தாடி அதற்குள் படி இறங்கிவிட்டாள். "நல்லாக் கழுவி ரெண்டு நாள் ஊறப் போடு" என்று அவர் சொன்னது அவள் முதுகுக்குத்தான் கேட்டிருக்கும்.

மாடி வீட்டு அத்தை பஸ் ஓட்டுகிறவர். பெரிய பஸ்ஸையே அடக்குகிற அத்தை தன் பூனையிடம் மட்டும் வாலைச் சுருட்டிக்கொண்டு இருப்பார். அந்த வீட்டில் எல்லாமே பூனையின் உத்தரவுப்படிதான் நடக்கும். அதனால் பூனைக்கு மேனேஜர் என்று பெயர்.

"அத்தை, கொஞ்சம் பூனை மண் வேணும். புதுசு."

"உங்க வீட்லயும் பூனை வந்தாச்சா?"

"மீனுக்கு அத்தை."

"மீன் எப்போலேர்ந்து தட்டுல போக ஆரம்பிச்சுது?"

காத்தாடி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தார். காத்தாடி கீழே ஓடிவந்து, நேராகத் தொட்டிக்கு மேலே கிண்ணத்தைச் சாய்க்கப் போனாள். தீனி வருகிறதென்று பூசணி வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தது. அதைப் பார்த்ததும் காத்தாடியின் கை நின்றுவிட்டது. கொட்டினால் திரும்ப அள்ள முடியாதே என்று தோன்றியது.

ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு கரண்டி மண்ணைப் போட்டுப் பார்த்தாள். மண் உப்பியது. பிறகு பசை போல இறுகியது. டம்ளரைக் கவிழ்த்தும் விழவில்லை. ரோஜா வாசனை வேறு.

அப்பா எட்டிப் பார்த்தார். "நல்லவேளை. கொட்டியிருந்தா பூசணி சிமெண்டுக்குள்ள நீந்தியிருக்கும்."

காத்தாடி அந்த டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள். மறுபடியும் மாடிக்குப் போனாள்.

"அத்தை, இது கட்டியாகுது. கட்டியாகாதது இருக்கா?"

"பரண்ல ஒரு பை கிடக்கு. மேனேஜருக்குப் பிடிக்கலை. ஒரு காலை வெச்சுட்டு என்னை ஒரு முறை முறைச்சார் பாரு, அன்னிக்கே மாத்திட்டேன்."

மேனேஜர் நாற்காலியில் படுத்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த மண் செம்பழுப்பு நிறத்தில் பொடிப்பொடிக் கல்லாக இருந்தது. டம்ளரில் போட்டதும் குமிழி விட்டுக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்தது. கரையவும் இல்லை, மணக்கவும் இல்லை. கடைக்கார அண்ணன் பின்னாலிருந்து கத்தியது இப்போதுதான் நினைவுக்கு வர, காத்தாடி அதைக் கை வலிக்கக் கழுவி, பேசினில் இரண்டு நாள் ஊறப் போட்டாள். ஊறுகிற வரை காத்திருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் மனம் பூசணியின் வயிற்றையே சுற்றியது.

ஊறிய பிறகு மீன்களைப் பக்கெட்டுக்கு மாற்றினாள். தொட்டியைக் காலி செய்து, மண்ணைப் பரப்பினாள். பின்பக்கம் பிடித்து வைத்திருந்த தண்ணீரை எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது தொட்டிக்குள் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். கண்ணைப் பாதி மூடி, மிகுந்த பொறுப்போடு. வேலை முடிந்ததும் முன்னங்காலால் மண்ணைத் தள்ளி அழகாக மூடிவிட்டார்.

காத்தாடி போட்ட சத்தம் கேட்டு அத்தை இறங்கி வந்தார். "தட்டுல வெச்சா வேண்டாம்னார். இவருக்குக் கண்ணாடி மாளிகை கேக்குது" என்றவர் காத்தாடியின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். "அழாதேடா. நாளைக்கு வேலை முடிஞ்சு வரும்போது புதுப் பை வாங்கிட்டு வர்றேன்."

"அப்புறம் அதுவும் ஊறணும் அத்தை. பூசணி அதுவரைக்கும் தாங்காது."

பேசினில் மிச்சம் இருந்தது இரண்டு கை மண்தான். காத்தாடி கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டைச் சுற்ற ஆரம்பித்தாள். கூடத்துக்குப் போனாள், சமையலறைக்குப் போனாள், மறுபடியும் கூடத்துக்கு வந்தாள். அப்பாவின் அலமாரி முன்னால் நின்றாள். அதில் காதில்லாத பீங்கான் கோப்பைகள் வரிசையாக இருந்தன. எல்லாம் அவள் ஓடிய ஓட்டத்தில் உடைந்தவை. அப்பா அவற்றில் திரைச்சீலைக் கொக்கிகளைப் போட்டு வைத்திருந்தார்.

"அப்பா, தரை முழுக்க எதுக்கு மண்ணு? செடி நிக்கிற இடத்துல இருந்தா போதுமே" என்றாள்.

பதிலுக்குக் காத்திராமல் கொக்கிகளை அப்பாவின் மேஜையில் கொட்டினாள். கோப்பைகளைக் கழுவி மண்ணை நிரப்பினாள். மண் ஊறும்போதே வாங்கி வைத்திருந்த புதுச் செடிகளை ஊன்றி, மேலே கூழாங்கற்களை வைத்து அழுத்தினாள். அதற்குள் அத்தை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டியைத் தேய்தேய் என்று தேய்த்து முடித்திருந்தார். ஒரு மூலையில் கோப்பைகளை நெருக்கி அடுக்கியதும், இலைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குட்டிக் காடு ஒன்று வந்துவிட்டது. தண்ணீரை ஊற்றி மீன்களை விட்டார்கள்.

மறுநாள் ஒரு செடியும் மிதக்கவில்லை. பூசணியும் குட்டி போடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. காத்தாடி நகம் எல்லாவற்றையும் கடித்துத் தீர்த்துவிட்டாள்.

விடுமுறை நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே தொட்டி பக்கம் வந்தாள். இலைகளுக்கு நடுவே ஏதோ அசைந்தது. முற்றுப்புள்ளிக்கு வால் முளைத்தது போல ஒரு குட்டி. பக்கத்து இலைக்கு அடியில் இன்னொன்று. பூசணி செடிக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தது. இலைகள் வழிவிடவில்லை. சலித்துப்போய் முன்பக்கம் வந்து, தீனி எங்கே என்று வாயைத் திறந்தது. காத்தாடி வாய் நிறைய நுரையோடு ஒரு சிட்டிகை கூடுதலாகவே போட்டாள்.

வேலைக்குக் கிளம்பிய அத்தை சீருடையோடு உள்ளே வந்தார். "போட்டாச்சாமே, எத்தனை குட்டி?"

காத்தாடி விரல் நீட்டி எண்ணினாள். ஒன்று வெளியே வந்தால் இரண்டு உள்ளே போய்விட்டன. முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும் தப்பியது.

"எண்ணவே முடியலை அத்தை. எல்லாம் ஒளிஞ்சுக்குது" என்றாள்.

கணக்கு வராமல் போனதற்காக அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.