பனிநீர்க் குழாயில் எக்ஸ்பிரஸ்

"எக்ஸ்பிரஸ், எங்க இருக்க?" என்று பன்னிரண்டாவது முறையாகக் கேட்டாள் சபீனா.

"குழாய்க்குள்ள," என்றது ரயில்பூச்சி. "ஒரு நிமிஷத்துக்கு முன்னாடி எங்க இருந்தேனோ, அதைவிட ரெண்டு சாண் தள்ளி."

"இன்னும் சீக்கிரம் போக முடியாதா?"

"நூத்தியெண்பது கால் இருக்கு. ஒண்ணு எடுத்து வச்சாத்தான் அடுத்தது வரும். நீ பேசினா வரிசை குழம்புது."

விரல் நீளமுள்ள, இருட்டில் மெதுவாக ஊர்வதைத் தவிர வேறு லட்சியம் இல்லாத ஒரு பூச்சிக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தது சகாயம். இரண்டு வாரமாக அவன் அதை நகைச்சுவை என்று நம்பிக்கொண்டிருந்தான்.

அதன் தலைக்குப் பின்னால் கடுகளவு வெள்ளித் தகடு ஒன்று ஒட்டியிருந்தது. பெயர் சொற்பொட்டு. நரம்பின் துடிப்பைச் சொல்லாக்கி மனிதர்களின் காதுவில்லைக்கு அனுப்பும். மனிதர்கள் பேசுவதைத் துடிப்பாக்கி நரம்பில் போடும். ஆறாம் வகுப்பு அறிவியல் பெட்டியோடு இலவசமாக வருவது. வால்பாறை மலையில் ஓணான், நத்தை, சிலந்தி எல்லாம் இப்போது பேசின. பெரும்பாலும் பிள்ளைகளைத் தள்ளிப் போகச் சொல்லின.

எக்ஸ்பிரஸ் குழாய்க்குள் போக நேர்ந்ததற்குக் காரணம் இரண்டு ஜோடி பூட்ஸ்.

விதைக் காப்பகத்துக்குப் பள்ளியிலிருந்து சுற்றுலா வந்திருந்தார்கள். வாசலில் எல்லோருக்கும் ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அந்த பூட்ஸை எண்ணித்தான் கதவு தெரிந்துகொள்ளும். எண்ணிக்கை சுழியமானால் பூட்டிக்கொள்ளும், உள்ளிருந்து திறக்கும் பொத்தானையும் அணைத்துவிடும். வடிவமைத்தவர்கள் வேறு ஏதோ நாட்டுக்காரர்கள். வகுப்பு வெளியேறிக்கொண்டிருந்தபோதே, காட்டுநெல்லை இன்னொரு தடவை பார்க்க சபீனாவும் சகாயமும் திரும்பி ஓடினார்கள். நாலாயிரம் வகை விதை உறங்குகிற இடத்துக்குள் பூட்ஸோடு போக இருவருக்கும் மனம் வரவில்லை. வாசலில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு நுழைந்தார்கள். கதவு எண்ணிப் பார்த்தது. சுழியம். பூட்டிக்கொண்டது.

அரை மீட்டர் எஃகுச் சுவர். காதுவில்லையின் அலை அதைத் தாண்டாது. பார்வையாளர்களுக்காகக் குறைத்து வைத்திருந்த குளிர் ஐந்து மணிக்குத் திரும்ப ஏறும்; சுழியத்துக்குக் கீழே பதினெட்டு பாகை வரை போகும். மணி நாலு பத்து. வெளியே போக ஒரே வழி, பனி உருகிய நீரை வடிக்கும் விரல் அகலக் குழாய். அதற்குள் நுழையக்கூடிய ஒரே ஆள் சபீனாவின் சட்டைப் பையில் இலைத்தூளுக்குள் உறங்கிக்கொண்டிருந்தது.

"எக்ஸ்பிரஸ், பயமா இருக்கா?" இப்போது சகாயம்.

"எரிச்சலா இருக்கு."

"டேய், அவன்கிட்ட வாய் கொடுக்காத," என்றாள் சபீனா. அவள் பற்கள் தடதடத்தன. "எக்ஸ்பிரஸ், நீ தைரியசாலி. உன்னால மு..."

எஃகு அலையை விழுங்கியது. குரல் அறுந்தது.

நிம்மதி. எக்ஸ்பிரஸ் நின்று உணர்கொம்புகளைத் துடைத்துக்கொண்டது. நீரின் சொட்டு. துருவின் மணம். அறிவுரை இல்லை.

குழாயின் நடுவில் ஓர் இணைப்பு விண்டிருந்தது. விரிசல் வழியாக ஒரு வேர் எட்டிப் பார்த்தது. வேருக்குப் பின்னால் மண். மண்ணுக்கு மேல் மக்கிய இலை. அந்த மணம் வந்ததும் நூத்தியெண்பது கால்களும் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பின. போய்விடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் கேட்காது.

முன்பாதி உடல் விரிசலுக்குள் போன பிறகு அது நின்றது.

போன வாரம் வரை அதற்கு ஓர் இணை இருந்தது. பாசி படிந்த கல்லின் கீழே, ஒன்றின் மேல் ஒன்றாக இருவரும் சுருண்டு கிடப்பார்கள். ஒரு நாள் காலையில் யாரோ செருப்போடு நடந்துபோனார்கள். அதுபோல் எத்தனையோ நடக்கும். பொட்டு இல்லாத ரயில்பூச்சியாக இருந்திருந்தால் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு அடுத்த இலைக்குப் போயிருக்கும். இருந்தது, இப்போது மணம் மாறிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் பொட்டு இருந்தது. "அது எங்கே?" என்று எக்ஸ்பிரஸ் கேட்டபோது சபீனா குனிந்து பார்த்து, "இல்ல" என்றாள்.

அந்தச் சொல் நரம்பில் ஏறியதிலிருந்து இறங்கவில்லை. இலையைத் தின்னும்போதும் இருந்தது. சுருண்டு உறங்கும்போதும் இருந்தது. ஒரு பூச்சியின் உடலில் அத்தனை பெரிய சொல்லுக்கு இடமே கிடையாது.

ஐந்து மணிக்குப் பிறகு சபீனா. சகாயம். அவர்களுக்குப் பக்கத்திலும் அதே சொல்லை வைக்க வேண்டியிருக்கும்.

"சனியன்," என்றது எக்ஸ்பிரஸ். அதையும் சகாயத்திடம்தான் கற்றிருந்தது. உடலைப் பின்னுக்கு இழுத்துக் குழாய்க்குள் விட்டு மேற்கொண்டு நடந்தது.

குழாய் முடிந்த இடத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் காவலர் சென்னியப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தார். அருகில் பூட்ஸ் எல்லாம் அளவு வாரியாக அடுக்கியிருந்தன.

"அண்ணா," என்றது எக்ஸ்பிரஸ்.

சென்னியப்பன் காதுவில்லையைத் தட்டினார். "யாருங்க?"

"கீழ. உங்க டம்ளருக்குப் பக்கத்துல."

அவர் குனிந்தார். முகம் மலர்ந்தது. "அட, ரயில்பூச்சி!"

"அண்ணா, தொடாதீங்க, உள்ள ரெண்டு..."

விரல் வந்துவிட்டது. இந்த மண்ணில் ரயில்பூச்சியைக் கண்டு விரலை நீட்டாத மனிதர் பிறக்கவில்லை. எட்டு வயதிலும் நீட்டுவார்கள், ஐம்பத்தெட்டிலும் நீட்டுவார்கள். எக்ஸ்பிரஸ் சுருண்டது. சுருள்வது அதன் விருப்பம் அல்ல, தும்மல் போன்றது. சுருண்டால் நரம்பு மடங்கும், பொட்டு வேலை செய்யாது. விரிய பதினாறு நிமிடம் ஆகும். உள்ளுக்குள் மட்டும் அது அத்தனை நேரமும் பேசிக்கொண்டே இருந்தது. அதில் அச்சிடத்தக்கது எதுவும் இல்லை.

விரிந்ததும் முதல் வேலையாகச் சொன்னது: "கைய பின்னால கட்டுங்க!"

சென்னியப்பன் எழுந்து பள்ளிக்கூடத்துப் பையனைப் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உள்ள ரெண்டு பிள்ளைங்க மாட்டிக்கிச்சு. கதவத் திறங்க."

"உள்ள யாருமில்ல சாமி. பலகையப் பாரு, சுழியம்னு காட்டுது."

"எனக்குப் படிக்கத் தெரியாது. உள்ள இருக்காங்க."

"பூட்ஸ் பூராவும் இங்க இருக்குதே. நானேதான் பொறுக்கி அடுக்கி வச்சேன்."

"கழட்டி வச்சுட்டுப் போனாங்க!"

"எதுக்குக் கழட்டணும்?"

"விதை இருக்கற எடமாம்!"

சென்னியப்பன் அடுக்கியிருந்த பூட்ஸைத் திரும்பிப் பார்த்தார். "அதுஞ்செரிதான்," என்றார் மெதுவாக. "நானுங்கூடக் கழட்டிப்போட்டுத்தான் போவேன். பன்னெண்டு வருசமா."

"நீங்க எப்படி மாட்டாம வந்தீங்க?"

"கதவுக்கு ஒரு கல்லு வச்சுருவேன்."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாருங்கேட்டா?"

நல்லவேளையாக அவர் சாவியோடு ஓடத் தொடங்கியிருந்தார்.

கதவு திறந்தபோது மணி ஐந்தாக நாலு நிமிடம். இருவரும் ஒரே சாக்கைப் போர்த்திக்கொண்டு வாசலில் தொப்பென்று உட்கார்ந்தார்கள். உதடுகள் நாவற்பழம் தின்றது போலிருந்தன. சென்னியப்பன் "கண்ணுங்களா, கண்ணுங்களா" என்று இருவரின் உள்ளங்கையையும் தேய்த்தார்.

சபீனா ஓர் இலையை நீட்டி எக்ஸ்பிரஸை ஏற்றிக்கொண்டாள். "என்ன வேணும், கேளு. எது வேணும்னாலும் தரேன்."

"பொட்ட எடுத்துரு."

"லூசா நீ? அப்புறம் எப்படிப் பேசுவ?"

"பேச மாட்டேன்."

"ஏன், எங்கமேல கோவமா?"

"கோவம் தினமும்தான். அது இல்ல." எக்ஸ்பிரஸ் இலையின் விளிம்பில் நின்றது. "நீ ஒரு சொல்லு கொடுத்த. என் இணை எங்கேன்னு கேட்டப்ப. அத என்னால சுமக்க முடியல."

சபீனா விரல்நுனியை எச்சிலில் நனைத்து, தொடுவதாகவே தெரியாதபடி, நகத்தால் தகட்டை நெம்பினாள்.

முதலில் கதவு என்ற சொல் போயிற்று. பிறகு குழாய், பூட்ஸ், அண்ணா, எக்ஸ்பிரஸ். எரிச்சல்கூடப் போயிற்று. கடைசியில் அந்தச் சொல்லும் போனது. ஈரம் மிச்சமிருந்தது. இலை மணம். ரயில்பூச்சி இலையிலிருந்து பாதையில் இறங்கியது.

தூறல் வலுத்ததில் பாதை முழுக்க ரயில்பூச்சிகள் வந்திருந்தன. நூறோ, இருநூறோ. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே நீளம்.

கீழே சாலையில் பள்ளி வண்டி ஹாரன் அடித்தது.

"வாடி, போலாம்," என்று சகாயம் காலை எடுத்தான். எடுத்த கால் அந்தரத்தில் நின்றது. "ஏய், இதுல எது நம்மாளு?"

"தெரியலடா."

"கூப்பிட்டுப் பாரு."

"எப்படிக் கூப்பிடறது? பொட்டு என் கையில இருக்கு."

சென்னியப்பன் வழி காட்ட ஓரடி முன்னால் வைக்கப் போனார். "அண்ணா!" என்று இருவரும் ஒருசேரக் கத்தினார்கள். அவர் கால் கீழே வரவில்லை.

ஹாரன் மறுபடி அடித்தது. அப்புறம் விடாமல் அடித்தது. மூன்று பேரும் வாசற்படியிலேயே ஒற்றைக் காலில் நின்றார்கள்.

"எவ்வளவு நேரம்டி இப்படி?" என்றான் சகாயம்.

"எல்லாம் போற வரைக்கும்."

பாதையின் நடுவில் ஏதோ ஒன்று, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.