பூச்செருகும் துளை

காலையில், தேவாலயத் தரையில் பதித்திருந்த மகளின் கல்லறைக் கல்லில் அவள் செருகிய பூக்கள் மாலைக்குள் காணாமல் போயிருந்தன. உதிர்ந்த இதழ் ஒன்றுகூடத் தரையில் இல்லை.

அந்தப் பழைய தேவாலயத்தைப் பெருக்கித் துடைப்பது அவள் வேலை. அதனால்தான் தரைக்கு அடியிலிருந்த நிலவறையில் மகளுக்கும் இடம் கொடுத்தார் பங்குச் சாமியார். சுவர் நெடுகப் பழைய நினைவுக் கற்கள். என்றோ ஒரு கொள்ளைநோயில் போன குழந்தைகள் அதே நிலவறையில்தான் கிடந்தார்கள். ஈரச் சுண்ணாம்பும் அணைந்த மெழுகுத் திரியும் கலந்த வாசனையில், எழுத்துத் தேய்ந்த அந்தக் கற்களைத் துடைக்கும்போதெல்லாம், இவர்களைத் தேடி வர இனி யார் இருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

"எலிக்கும் பூ வச்சுக்கிற ஆசை வந்துடுச்சு போலக்கா" என்று சிரித்த, அந்தக் கல்லைச் செதுக்கிப் பதித்த கல்தச்சன், அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கினான். பூச்செருகும் துளையைப் பாதிக் கல்லோடு நிறுத்தாமல், கை தவறி அடிவரை துளைத்துவிட்டதாக ஒப்புக்கொண்டான். இப்போதே அடைத்துவிடுவதாகச் சொல்லி, சிமெண்ட் குழைக்க வாசலுக்குப் போனான்.

அடைத்துவிட்டால் மகளுக்கும் அவளுக்கும் நடுவில் கல்தான். இருட்டென்றால் அலறுகிற பிள்ளை. அவள் குப்புறப் படுத்துத் துளையில் வாய் வைத்து, "அம்மா இங்கதான்டா இருக்கேன்" என்றாள். பிறகு விரலை விட்டாள்.

கீழே ஏதோ நகர்ந்தது. ஈரத் துணியை இழுப்பது போல.

பிஞ்சுக் கை ஒன்று அவள் விரலைப் பற்றியது.

அழுகை வெடித்தது. அந்தக் கையைத் தடவினாள். கட்டை விரலில் இருக்க வேண்டிய தீத்தழும்பு இல்லை.

அந்தக் கை விலகியது. இன்னொரு கை வந்தது. அதிலும் இல்லை. அடுத்தது. குளிர்ந்த கைகள். முண்டியடித்துக்கொண்டு. ஒவ்வொன்றும் ஒருமுறை இறுக்கிப் பிடித்து, மனமில்லாமல் விட்டது.

வெளியே மண்வெட்டிச் சத்தம் நின்றது.

"அடைச்சிடட்டுமாக்கா?"

"கொஞ்சம் இருப்பா" என்றாள் அவள். "எம் பொண்ணு இன்னும் வரல."

ஒற்றை விரல் மட்டுமே நுழையும் அந்தத் துளைக்குள், அவள் கை முழங்கை வரை போயிருந்தது.